அண்ணன் காருக்கு நாங்கள் வைத்த முள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும். இருவரில் ஒருவர் ஒன்பது நாளாக வாய் திறக்கவில்லை என்பதால் அவர் சார்பிலும் நானே சொல்லிவிடுகிறேன். நீயும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முதுகுவலி இன்னும் விடவில்லை என்றால் இந்தக் கடிதத்தைப் படுத்துக்கொண்டே படி. துள்ளி எழ வேண்டிய இடங்கள் சில வரும், எழாதே.

உன் காரைப் பற்றித்தான்.

நீ வெளிநாடு கிளம்பும்போது சாவியைக் கொடுத்து, "வாரம் ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி வை, மாப்பிள்ளை கையில மட்டும் ஸ்பேனரக் குடுத்துடாத" என்று சொல்லிவிட்டுப் போனாய். முதல் பாதியை ஒரு வாரம்கூடத் தவறாமல் செய்தோம். இரண்டாம் பாதிதான் நிற்கவில்லை. எட்டு மாதத்துக்கு முன் இவருடைய ஆலையில் கட்டுப்பாட்டு அறையை மூடிவிட்டு நான்கு கணினித் திரைகளை வைத்தார்கள் என்பது உனக்குத் தெரியும். இருபத்தாறு வருடம் நாற்பது மானிகளின் முட்களை ஒரே நேரத்தில் பார்த்த மனிதர், சாப்பாட்டு டப்பாவையும் நாற்காலி மெத்தையையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நம் வீட்டில் முள் உள்ள ஒரே பொருள் சுவர்க் கடிகாரம். காலையிலிருந்து மாலை வரை அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் கல்லூரிக்குப் போகும்போது எப்படி உட்கார்ந்திருந்தாரோ, திரும்பி வரும்போதும் அப்படியே உட்கார்ந்திருப்பார். பேச்சு என்றால் "ம்", "வேண்டாம்" இரண்டும்தான். இப்படி இருக்கையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் காரை ஸ்டார்ட் செய்தவர், எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் செத்துக் கிடப்பதைக் கண்டார். மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மாடலுக்கு மீட்டர்லாம் இனிமே எங்க சார் கெடைக்கும்? பானெட்டத் தொட்டுப் பாருங்க. கை சுட்டா நிறுத்துங்க, அவ்ளோதான்" என்றார். இவர் முகம் சிவந்துவிட்டது. "கையா? கை ஒரு அளவாய்யா?" என்றார். ஏழு மாதத்தில் இவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது. நான் சந்தோஷப்பட்டேன். ஸ்பேனர் எங்கே இருக்கிறது என்று கேட்டார், எடுத்துக் கொடுத்தேன்.

அதன் பிறகு மூன்று வாரம் வீடு வீடாக இல்லை. மிளகு அளவில் ஒரு பொருள் வாங்கி வந்தார். சூடு ஏறினால் அதன் மின்தடை குறையுமாம். கல்லூரியில் வெப்பவியல் நடத்துகிறவளிடம் அதை அரை மணி நேரம் விளக்கினார், புதிதாகக் கேட்பவள் போலக் கேட்டுக்கொண்டேன். பழைய பேட்டரி சார்ஜரிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, வெள்ளை அட்டையில் நாற்பதிலிருந்து நூற்றிருபது வரை தன் கையாலேயே கோடு போட்டார். என் பால் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, என் ஆய்வகத்து வெப்பமானியோடு அதை ஒத்துப் பார்த்தார். அரை டிகிரிகூடப் பிசகவில்லை. அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த மிளகு எஞ்சினின் தண்ணீருக்குள் இருக்க வேண்டுமே. அதற்காக ரேடியேட்டருக்குப் போகும் மேல் ரப்பர் குழாயை நடுவில் இரண்டாக வெட்டி, இடையில் ஒரு பித்தளைத் துண்டைச் செருகி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு முறுக்கினார். நல்லா இருந்த குழாயை ஏங்க வெட்டுறீங்க என்று கேட்டேன். "வெட்டாம எப்படி உள்ள போறது?" என்றார். நியாயம்தான்.

இதற்கிடையில் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு காகித ஆலையிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. அங்கே இன்னும் முள் வைத்த மானிகள்தானாம், பார்க்கத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லையாம். ஐம்பத்து மூன்று வயதில் ஒருவரை யாரும் இப்படித் தேடிக் கூப்பிடுவதில்லை. பஸ்ஸில் போகலாம் என்றேன். "நான் செஞ்ச மீட்டர அவங்க பாக்கணும்ல" என்று உன் காரைத்தான் எடுத்தார். மீட்டரை ஓட்டுகிறவர் பக்கம் பொருத்தாமல் என் பக்கம் பொருத்தியிருந்தார். கட்டுப்பாட்டு அறையின் சட்டம் அது: இயக்குகிறவன் அளவு பார்க்கக் கூடாது, அளவு பார்க்கிறவன் இயக்கக் கூடாது. என் மடியில் ஒரு நோட்டு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரம், அளவு, பார்த்தவர் கையெழுத்து. கணவனும் மனைவியும் காரில் போகும்போது எதற்குக் கையெழுத்து என்று கேட்டதற்கு, "கையெழுத்து இல்லாத அளவு வதந்தி" என்றார். சரி என்று போட்டேன். எண்பத்தெட்டு. தொண்ணூற்றொன்று. மலை ஏறத் தொடங்கியதும் தொண்ணூற்று நாலு, தொண்ணூற்றாறு. பிறகு எண்பத்து மூன்று என்று படித்தேன். "பாத்தியா, ஏத்தத்துலயே எறங்குது! நான் கொழாய் வச்ச எடம் அப்படி, காத்து நல்லா படுது" என்று ஸ்டியரிங்கைத் தட்டினார். எழுபத்து நான்கு. "இன்னும் எறங்கும் பாரு" என்றார். அறுபத்தாறு. அதற்கு நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே பானெட்டுக்கு அடியிலிருந்து பெரிய இரும்புச் சட்டியைத் தரையில் போட்டது போல ஒரு சத்தம் வந்தது. கார் நின்றுவிட்டது. நேர்முகத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஒரு மணி நேரமும் சாலை ஓரத்தில் கழிந்தது.

மெக்கானிக் வந்து திறந்து பார்த்தார். "தண்ணி ஒரு சொட்டு இல்ல சார். இந்தக் கிளிப் வழியா மொத்தமும் போயிருக்கு. சூட்டுல எஞ்சின் ஹெட்டே வளைஞ்சுடுச்சு. மீட்டர் என்ன காட்டுச்சு?"

"அறுபத்தாறு."

"சரியாத்தான் காட்டிருக்கு. அது தண்ணியில எங்க இருந்துச்சு, வெறுங்குழாய்ல தொங்கிட்டு இருந்திருக்கு. அங்க இருந்த காத்தோட சூட்டச் சொல்லிருக்கு, பாவம்."

இவர் அந்தக் கிளிப்பை விரலால் ஆட்டிப் பார்த்தார். "முள் எறங்குனா ஏன் எறங்குதுன்னு கேக்கணும். இருபத்தாறு வருஷமா கேட்டேன். இன்னிக்குக் கேக்கல" என்றார், மெக்கானிக்கிடம். அதுதான் கடைசி. அன்றிலிருந்து எது வேண்டுமானாலும் துண்டுக் காகிதத்தில் எழுதி வைக்கிறார், தேதி, நேரம், கையெழுத்தோடு. காகித ஆலைக்காரர்கள் நல்லவர்கள், வரும் திங்கட்கிழமை வாருங்கள் என்று மறுபடியும் சொன்னார்கள். அதற்கும் துண்டுக் காகிதம் வந்தது: "எனக்கு முள் பார்க்கத் தெரியாது. வரவில்லை என்று சொல்லிவிடு. காலை 7.40."

அண்ணா, உன் கார் இனி ஓடாது. அடுத்த மாதம் நீ வந்து பார்க்கும்போது என்னை எது வேண்டுமானாலும் சொல். ஆனால் அதற்கு முன் ஒரு உதவி. நான் சொன்னால் இவர் கேட்க மாட்டார். காரைப் பறிகொடுத்தவன் நீ. நீ போன் செய்து இரண்டு நிமிடம் நன்றாகத் திட்டிவிட்டு, கடைசியில் "போனது போகட்டும், திங்கக்கிழமை போய்ட்டு வாங்க மாப்பிள்ள" என்று ஒரு வார்த்தை சொன்னால் போவார். போகாவிட்டால் மறுபடியும் அந்தச் சுவர்க் கடிகாரம்தான். இன்னும் எத்தனை வருடம் என்று எனக்குக் கணக்குப் போடத் தைரியம் இல்லை. தான் கெடுத்ததைத் தானே நிமிர்த்த இவருக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகள் படிப்பிலும் உடம்பிலும் குறையில்லாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். இவரைக் குறை சொன்ன இடங்களை எல்லாம் அடித்துவிடு. எண்பத்து மூன்று என்று படித்தபோதே எனக்குத் தெரியும். ஏற்றத்தில் எஞ்சின் குளிராது. தண்ணீர் போய்விட்டது என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. நிறுத்துங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். இவர் விசில் அடித்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் அடித்தது. அடுத்த வளைவு வரை அடிக்கட்டும் என்று நினைத்தேன். அதற்கடுத்த வளைவிலும் அதையேதான் நினைத்தேன்.

இன்று மத்தியானம் நோட்டைக் கொண்டுபோய் இவர் முன்னால் வைத்துச் சொல்லிவிட்டேன். கையெழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார்.

"தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்ட?"

"தெரிஞ்சுதான்."

"மூணு எடத்துலயுமா?"

"மூணு எடத்துலயும்."

"அடுத்த மீட்டருக்கு ஒரு எச்சரிக்கை மணி வச்சிடணும்" என்றார். "பாக்குற ஆள நம்பக் கூடாது."

பிறகு எழுந்து போய்த் தன் சட்டையை இஸ்திரி போட்டார். ஆகவே நீ போன் செய்ய வேண்டாம். திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்கு முன்பதிவு செய்துகொண்டு வந்திருக்கிறார். ஓர் இருக்கைதான், இவருக்கு மட்டும்.