நாளை இதைவிடப் பெரியது

கொன்றைநாடு என்று ஒரு நாடு. அதை ஆண்ட விடங்கராயருக்கு ஒரு சந்தேகம்: குடிமக்கள் தம்மைக் கேட்காமலே சந்தோஷமாக இருக்கிறார்கள். ஆற்றில் குளித்துச் சிரிக்கிறார்கள், நடவு வயலில் பாடுகிறார்கள். இதற்குப் பின்னால் யாரோ இருக்க வேண்டும்.

"இனி இந்நாட்டில் இன்பம் அரண்மனையிலிருந்தே புறப்படும்" என்று ஆணையிட்டார். தினமும் காலையில் முரசு, வீட்டுக்கு ஒரு பொட்டலம் அல்வா. கூடவே ஓர் அறிவிப்பு: நாளை இதைவிடப் பெரியது.

முதல் வாரம் ஊரே துள்ளியது. அதன்பின் அறிவிப்புதான் வளர்ந்தது, அல்வா வளரவில்லை. மூன்றாம் மாதம், தின்றவர் முகத்தில் சிரிப்பில்லை என்று ஒற்றர்கள் எழுதினார்கள்.

"அல்வாவுக்குப் போட்டி இருக்கிறது, அரசே" என்றார் அமைச்சர் காரியாதித்தர். பாட்டும் ஆற்றுக் குளியலும் தடைசெய்யப்பட்டன. அப்போதும் யாரும் சிரிக்கவில்லை. ஓடக்காரன் வீரணனைச் சபைக்குப் பிடித்துவந்து, வைத்தியர் அமிர்தவல்லியை விட்டு அவன் நாக்கைச் சோதித்தார்கள்.

"நாக்கு நல்லாத்தான் இருக்கு, மகாராஜா. சந்தோஷத்தை வாங்கிக்கிற இடம் மூளையில இருக்கு. எதிர்பார்த்ததைவிடக் கூடக் கெடைச்சா அது துள்ளும்; கொறைஞ்சா சுருங்கும். நீங்க முரசுல நெறையச் சொல்லி, கையில கொஞ்சம் குடுக்குறீங்க. தெனமும் சுருங்கிச் சுருங்கி அது ஓஞ்சுபோச்சு."

வீரணன் தலைகுனிந்தான். "நெசந்தான். போன வாரம் எம்பொண்ணு மொதமொதலா அப்பான்னு கூப்பிட்டுச்சு. எனக்கு ஒண்ணுமே தோணல. அதான் பயமாயிருக்கு."

"முரசை நிறுத்துங்க. பாட்டைத் திருப்பிக் குடுங்க" என்றார் அமிர்தவல்லி.

"உன்னை அனுப்பிய நாடு எது?" என்றார் அமைச்சர்.

அரசர் கையமர்த்தி, வீரணனை உற்றுப் பார்த்தார். "ருசியே தெரியவில்லை என்கிறாய். பிறகு ஏன் தினமும் வரிசையில் முதல் ஆளாக நிற்கிறாய்?"

"முரசு கேட்டா கால் தானாப் போவுது, சாமி. வாங்குனதைப் பிரிக்கக்கூடத் தோணாது. மூலையில போட்டுருவேன்."

அரசரும் அமைச்சரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வைத்தியருக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பினார்கள். எதற்கென்று அவருக்குப் புரியவில்லை.

மறுநாள் அரண்மனை மடைப்பள்ளியில் அடுப்பு எரியவில்லை. முரசு மட்டும் இரண்டாகியிருந்தது. வரிசை ஆற்றங்கரை வரை நீண்டது. திரும்பிவந்த வீரணனை அமிர்தவல்லி வழிமறித்து, அவன் கைப்பொட்டலத்தை வாங்கிப் பார்த்தார். இலையின் கனம்தான் இருந்தது.

"பிரிச்சுப் பாரு, வீரணா."

"எதுக்கும்மா?" என்றான் அவன். "நாளைக்கு இன்னும் பெருசாத் தர்றாங்களாம்."