செம்மேட்டு எண்ணெய்ப் போர்

வாழ்க ஒளியின் போக்கறிந்தவள்! வாழ்க, பேளுக்குறிச்சிச் சந்தையில் சீரகம் நிறுத்த குலத்தில் தோன்றி, நான்காண்டு தவமிருந்து, இண்டியம் டின் ஆக்சைடு என்னும் கண்ணுக்குப் புலனாகாப் பூச்சைக் கண்ணாடிமேல் ஏற்றிய நசீபா! 2005ஆம் ஆண்டு, மிளகுக்கொடி சூழ் கொல்லிமலைச் செம்மேட்டில், கருத்தரங்கென்னும் கொடுங்களத்தில் அவள் ஆற்றிய அருஞ்சமர் கேளீர்!

உலோகப் பரப்பின் எலக்ட்ரான் திரளை ஒளி உந்த, அது அலையாய் ஓடுவதே பரப்பு பிளாஸ்மான். தங்கத்தில் அவ்வலை வழியிலேயே வெப்பமாகி வீணாகிறது; அகச்சிவப்பொளிக்கு ஆக்சைடே சிக்கனம் என்பது நசீபாவின் கட்சி. சிக்கனம் கிடக்கட்டும், முதலில் அலை எழவேண்டும். எழுந்து ஒளியை விழுங்கியதென்று, திரும்பிவரும் ஒளியை அளக்கும் மீட்டரின் முள் நடுவர்முன் இறங்கிக் காட்டினால் அவள் ஆராய்ச்சி மேலும் ஓராண்டு வாழும். இல்லையேல் சீரக மூட்டைகள் காத்திருந்தன.

எதிர்நின்றவர் தங்கப்பூச்சுத் தலைவர், மூவேழு சால்வை சுமந்த தோளர், தம் உரையின்போது அரங்கில் உறங்காதிருந்த ஒரே வீரர், பேராசிரியர் அர்த்தனாரி. ஒளியை உட்செலுத்தும் பட்டகத்தையும் பூச்சிட்ட கண்ணாடியையும் காற்றுப் புகாது ஒட்டவைக்க ஒரு துளி எண்ணெய் வேண்டும். குப்பியில் எஞ்சியதோ ஒரே துளி. முந்தின நாளே வெற்றி முழக்கிய தம் தங்கத்துக்கு அதையும் வார்த்து, மூங்கிற்காட்டை மறித்த மதகளிறென மேசையை மறித்து முழங்கினார்:

"தங்கம் தங்கந்தானுங்க! ஆக்சைடெல்லாம் வெறும் துருவுங்க, துரு!"

நெஞ்சில் ஊழித்தீ மூள, நசீபா அடுக்களை புகுந்தாள். அங்கே சமையற்காரி பொன்னாயி தினைமாவில் தேன் பிசைந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு சொட்டுத் தேன் குடுங்க."

"ஒரு சொட்டு எதுக்குங் கண்ணு? கிண்ணத்தோட எடுத்துட்டுப் போ."

ஒளி வளையும் அளவில் தேன் கண்ணாடிக்கு அண்டை வீடு. இதை அவள் அறிவாள், சால்வைகள் அறியா. அவள் மீண்ட கணத்தில், "போண்டா வந்திருச்சுங்க!" என்னும் போர்முரசம் அதிர, அறிவுலகின் தூண்களெல்லாம் ஒன்றையொன்று முழங்கையால் இடித்துத் தள்ளித் தட்டுகளை நோக்கிப் பாய, பெரும்படைத் தலைவரும் கோட்டையைக் கைவிட்டுச் சட்னியை முற்றுகையிட்டார்.

ஆளற்ற களத்தில் நசீபா தங்கத்தைப் பெயர்த்தாள், தேன் தொட்டாள், தன் கண்ணாடியைப் பதித்தாள், மூச்சடக்கி, பாகை பாகையாய்ப் பட்டகத்தைத் திருப்பினாள். ஐம்பது பாகை, முள் அசையவில்லை. இன்னும் இரண்டு பாகை. தோற்ற வேந்தன் மணிமுடி சாய்வதுபோல் முள் சரிந்து இறங்கியது. போண்டா பிடிக்காத ஒரே நடுவரான மாதம்மாள் அருகில் வந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றி மறுபடி பார்த்தார். "ஓராண்டு நீட்டிக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

வாயில் பாதிப் போண்டாவுடன் வந்த அர்த்தனாரி மேசையை மோந்து, விண்ணதிர இறுதி அறைகூவல் விடுத்தார்: "தேனா? எறும்பு வருமுங்க!"

அவர் வாழ்நாளில் சொன்னவற்றுள் பிழையற்ற ஒரே முன்கணிப்பு அதுதான்: சன்னலோரமாய், கருங்கடல் கரையுடைத்ததென, நால்வகைச் சேனையும் நிரைநிரையாய் வந்து பட்டகத்தைச் சூழ்ந்தது.

நசீபா ஈரத்துணி எடுத்து மேசையைத் துடைத்தாள்.