ரேணுகா பெயிலாகவில்லை

மரக்காணம்
10-7-2006

மதிப்புக்குரிய தங்கராசு மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை கொளஞ்சியின் வீட்டுக்காரன் சுப்ராயன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு என்னைத் தவிர அனைவரும் சுகம். அங்கு உங்கள் சர்க்கரையும் உங்கள் வீட்டு அக்காவின் முழங்காலும் எப்படி இருக்கின்றன?

ஊருக்குள் யார் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம். என் மகள் ரேணுகா பெயிலாகவில்லை. யாரோடும் ஓடிப்போகவும் இல்லை. ஒன்பதாவதில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திய மகாபாவி நான்தான். வாத்தியார் போர்டில் போட்ட கணக்கு தப்பு என்று எழுந்து சொன்னாளாம், முட்டி போட வைத்தார்களாம். அதிலிருந்து வீட்டில் பேச்சே இல்லை, சோறு வைத்தால் நாலு பருக்கைதான். ஒருநாள் யூனிபார்மோடு நம் உப்பளத்து வரப்பில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். "ஏம்மா, ஸ்கூலுக்குப் போவல?"ன்னேன். "இங்க யாரும் வாய மூடுன்னு சொல்ல மாட்டாங்கப்பா"ன்னா. பக்கத்திலேயே கழுவெளி ஏரித் தண்ணி, மச்சான். கையைப் புடிச்சு வீட்டுக்குக் கூட்டியாந்துட்டேன். அன்னிக்கே போய் டி.சி. வாங்கிட்டேன்.

கீழ்புத்துப்பட்டு பக்கம் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. மணி கிடையாது, ரேங்க் கிடையாது, பெரிய டீச்சருக்குக் காலில் செருப்பு கூடக் கிடையாது. "பிரம்பு எங்கம்மா வச்சிருக்கீங்க?"ன்னு கேட்டா சிரிக்கிறாங்க. பத்தாவதை பிரைவேட்டாவே எழுதலாமாம். இதைப் போய் டீக்கடையில சொல்லித் தொலைச்சேன். நம்ம அப்பாவு, "பிரைவேட்டாவா? எத்தினி சப்ஜெக்ட்டுப்பா போச்சு?"ன்னு துக்கம் விசாரிக்கிறான். பெயிலானவன்தானே இங்க பிரைவேட்டா எழுதுவான்! மறுநாளே எங்க அக்கா அம்சவல்லி, பூ, பழம், வெத்தலைன்னு தட்டோட, மவன் சிலம்பரசனையும் இழுத்துகிட்டு வந்துடுச்சு. "பொண்ணைத்தான் நிறுத்திட்டியே, அப்புறம் என்னடா?"ன்னுது. பதினாலு வயசுப் பொண்ணு மச்சான்! வேணாம்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். அக்கா முறைச்ச முறைப்புல கை தானா நீண்டு தட்டை வாங்கிடுச்சு. தட்டை வாங்கினா சம்மதம்னு ஊருக்கே தெரியும். கொளஞ்சி தலையில அடிச்சுக்கிறா.

இன்றுதான் ரேணுகா அந்தப் புதுப் பள்ளிக்கூடத்துக்கு முதல் நாளாகப் போயிருக்கிறாள். தாய்மாமன் நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, அவளை நாலு அதட்டு அதட்டி, பழைய பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிடுங்கள். அது நடந்தால்தான் அக்கா தட்டைத் திரும்ப வாங்கும். மறுபடியும் ஹெட்மாஸ்டர் எதிரில் நிற்க எனக்குத் தைரியமில்லை. அக்கா எதிரிலும் இல்லை.

உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள்.

பயத்துடன்,
சுப்ராயன்

பின்குறிப்பு: மச்சான், வர வேண்டாம். சாயங்காலம் நானே தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று துணிந்து தூக்கினேன். பூ இருக்குது, வெத்தலை இருக்குது, ஒரு டஜன் வாழைப்பழத்தில் ஒன்றுகூட இல்லை. ஸ்கூல் விட்டு வந்த ரேணுகா, அங்கே நடந்ததையெல்லாம் அவங்கம்மாகிட்ட மூச்சு விடாம சொல்லிக்கிட்டே அத்தனையும் தின்னுட்டாளாம். பழமில்லாத தட்டைத் திருப்பிக் கொடுத்ததுக்கு அக்கா தெருவே கேக்குற மாதிரி திட்டித் தீர்த்துடுச்சு. திட்டட்டும். பிள்ளை சாப்பிட்டுட்டா மச்சான்.