எபெனேசர் இல்லத்துக்கு வந்த இன்டர்நெட்

அதிர்ச்சியில் பல ரகம் உண்டு. கரண்ட் கம்பியைத் தொட்டால் வருவது ஒன்று, மகளின் கணக்குப் பேப்பரைப் பார்த்தால் வருவது இன்னொன்று. ஆனால் உங்கள் வீட்டில் இல்லவே இல்லாத ஒரு பொருளை நீங்கள் அளவுக்கு மீறி உபயோகிக்கிறீர்கள் என்று முகம் தெரியாத ஒரு பெண் தேன் குரலில் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு, சென்னையில் நான் வேலை பார்த்த சாஃப்ட்வேர் கம்பெனி ‘வீட்டிலிருந்தே வேலை செய்யலாம்’ என்று அறிவித்தது. வீடு என்ற சொல்லை என் வசதிக்குக் கொஞ்சம் இழுத்து, மனைவி ஜெயாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கே வந்துவிட்டேன். அப்பா விட்டுச்சென்ற ‘எபெனேசர் இல்லம்’ என்ற வீடு அங்கே பூட்டிக் கிடந்தது. ஜெயாவுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. மகளும் அங்கேயே சேர்ந்தாள். காலையில் தாமிரபரணிக் குளியல் (குழாயில வாரதும் ஆத்துத் தண்ணிதானே), மத்தியானம் சுடுசோறு, இடையில் நேரம் கிடைத்தால் வேலை. மகாராஜா வாழ்க்கை.

மகாராஜாவுக்கு ஒரே ஒரு குறை. அப்பா அந்த வீட்டை யாரோ பீரங்கியோடு வரப்போகிறார்கள் என்ற நினைப்பில் கட்டியிருந்தார். சுவரைத் தாண்டி போன் சிக்னல் உள்ளே வராது. மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் வரும். ஆகவே என் ஆபீஸ் அங்கே அமைந்தது. ஒரு கையில் குடை, மடியில் லேப்டாப்.

“சாம், ஏன் குடை பிடிச்சிருக்கீங்க? உங்க வீடு ஒழுகுதா?” என்று என் மேனேஜர் வித்யா மேடம் ஒருமுறை கேட்டார்.

“இல்ல மேடம், வெயில்” என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. திருநெல்வேலியில் வீடுகளுக்குக் கூரை கிடையாது என்று முடிவு செய்திருப்பார்.

பிராட்பேண்ட் இணைப்புக்கு நான் விண்ணப்பித்திருந்தேன். ‘சீக்கிரமே ஆள் வருவார்’ என்று பதிலும் வந்தது. ஒருநாள் மாடியில் மீட்டிங் நடக்கும்போது ஒருவர் போன் செய்து, “சார், உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க” என்றார். யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று ஊர் முழுக்க எச்சரிக்கிற அந்த நம்பரை நான் ராகம் போட்டுச் சொன்னேன். “சரி சார், முடிஞ்சிட்டு” என்றார். பதிவு முடிந்தது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். (என்ன முடிஞ்சிட்டுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். நமக்குத்தான் எதையும் முழுசாக் கேக்குற பழக்கம் கிடையாதே.)

அதன்பிறகு யாரும் வரவில்லை. நான் மாடியில் கறுத்துக்கொண்டே போனேன். கடைசியில் வித்யா மேடம் ஒரு குண்டைப் போட்டார்.

“வர்ற வியாழக்கிழமை லண்டன் கிளையண்ட்டுக்கு நீங்கதான் டெமோ காட்டப்போறீங்க. இந்தத் தடவையும் பாதியில காணாமப் போனீங்கன்னா, பேசாம சென்னைக்கே வந்துடுங்க சாம்.”

சென்னை வீட்டைக் காலி செய்தாயிற்று. ஜெயாவின் வேலை, மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் இங்கே. மாடியிலிருந்தே இன்டர்நெட் கம்பெனியின் புகார் எண்ணுக்கு போன் செய்தேன். பக்கத்தில் ஜெயா நின்றதால் ஸ்பீக்கரில் போட்டேன். அன்றைய தினத்தின் பெரிய தப்பு அதுதான்.

“சாமுவேல் சார், உங்க கனெக்‌ஷன் ஆக்டிவா இருக்கே?” என்றது தேன் குரல்.

“எங்க வீட்டுல ஒயரே இல்லையேம்மா.”

“இல்ல சார், நல்லா யூஸ் பண்றீங்க. நேத்துகூட சாயங்காலம் பூரா வீடியோ கால் பேசியிருக்கீங்க போல. யூசேஜ் ரொம்ப அதிகமா காட்டுது.”

ஜெயா என்னைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைப் பலவிதமாகப் பார்த்திருக்கிறாள். இது புது விதம்.

“நேத்து சாயங்காலம் எங்கன போயிருந்திய?”

“நடக்கப் போனேன்லா?”

“தினமும் நடக்கப் போறிய. ஒரு கிலோகூட குறையல” என்றாள். குரல் மிகவும் அமைதியாக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. “உண்மையச் சொல்லிருங்க. வேற எங்கன வீடு வச்சிருக்கிய? அங்கன மட்டும் நெட்டு போட்டுக் குடுத்திருக்கிய. இங்கன ஒரு மிக்சி ரிப்பேர் பாக்க ஆளக் கூட்டிட்டு வர முடியல.”

மறுமுனையில் தேன் குரல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் மிகுந்த அனுதாபத்தோடு, “சார், டெக்னீஷியனை அனுப்பட்டுமா?” என்றது.

அன்று சாயங்காலமே டெக்னீஷியன் வந்தார். பெயர் முருகேசன். உள்ளே வந்தவர் வரவேற்பறைச் சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

“நாந்தான சார் வந்து மாட்டுனேன். போன்ல உங்ககிட்ட நம்பர் வாங்குனதும் நாந்தான். சாமுவேல், எபெனேசர் இல்லம். இங்கன ஒரு பெரிய அலமாரி இருந்துச்சே, எங்க சார்?”

“இந்த வீட்டுல அலமாரியே கிடையாது.”

“இல்ல சார், உங்க அம்மா கூட காப்பி குடுத்தாவ. முறுக்கும் குடுத்தாவ.”

“யாரு?”

“உங்க அம்மாதான் சார். நல்ல செவப்பா, கண்ணாடி போட்டுக்கிட்டு.”

“எங்க அம்மா கல்லறைத் தோட்டத்துல இருக்கா வே!”

முருகேசனின் கை தன்னால் தொண்டைக்குப் போனது. அந்தக் காப்பியும் முறுக்கும் எங்கிருந்து வந்தன என்று அவர் யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. ஜெயாதான் முதலில் தெளிந்தாள்.

“ஏங்க, அடுத்த தெருவுல ஒரு எபெனேசர் இல்லம் இருக்குல்லா?”

பாளையங்கோட்டையில் எபெனேசர் இல்லத்துக்குப் பஞ்சமே கிடையாது. சாமுவேலுக்கும் அப்படித்தான். முருகேசனின் பைக்கில் ஏறி அடுத்த தெருவுக்குப் போனேன். பச்சை கேட். ‘டி. சாமுவேல், எபெனேசர் இல்லம்’ என்று பலகை. மின்கம்பத்திலிருந்து ஒரு கறுப்பு ஒயர் முருங்கை மரத்தைத் தாண்டி அழகாக உள்ளே போனது. என் ஒயர்!

“கழட்டிரட்டுமா சார்?” என்றார் முருகேசன், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

“இரும். முதல்ல நான் ரெண்டு வார்த்த கேட்டுட்டு வாரேன்” என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டேன். அந்த இரண்டு வார்த்தைகளை பைக்கில் வரும்போதே ஒத்திகை பார்த்திருந்தேன். அச்சில் போட முடியாது.

கதவு திறந்தே இருந்தது. விறுவிறுவென்று உள்ளே நுழைந்தேன். கூடம் நிறையப் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள், எல்லோர் தலையிலும் முக்காடு. வீட்டு ஜெபக்கூட்டம். கண்ணாடி போட்ட ஒரு அம்மா என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார். முருகேசனுக்கு முறுக்கு கொடுத்த அம்மா இவர்தான். பெயர் டெய்சி என்று பிறகு தெரிந்துகொண்டேன். பலகையில் இருந்த சாமுவேல் அவருடைய கணவர், காலமாகிவிட்டார்.

“வாங்க தம்பி, உக்காருங்க. இப்பதான் சாட்சி சொல்லுதோம்.”

ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை எல்லோர் முன்னாலும் சொல்வதுதான் சாட்சி. அது முடியட்டும், பிறகு கேட்கலாம் என்று செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். டெய்சி அக்கா தொடர்ந்தார்.

“என் மவன் ஜேசன் பஹ்ரைன்ல இருக்கான். போன்ல படத்தப் பாத்துப் பேசுனா, வாயத் தொறந்தபடிக்கே அசையாம நின்னுருவான். மவன் மொகம் அசைஞ்சு பாத்து மாசக்கணக்காச்சு. ‘ஆண்டவரே, ஒரு வழி காட்டும்’னு அழுதேன். மறுநாக் காலைல வாசல்ல ஒரு ஆள் நிக்காரு, தோள்ல ஒயரு! ‘சாமுவேல் வீடுதானா?’ன்னாரு. ஆமான்னேன். பைய மாட்டிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. யாரு அனுப்புனான்னு நான் கேக்கல. கேட்டா திரும்பக் கொண்டு போயிருவாரோன்னு பயம்.”

“ஸ்தோத்திரம்!” என்றது கூடம்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆண்டவர் அனுப்பிய தூதன் ஹெல்மெட்டைக் கழற்றாமல், பைக்கில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். நானும் நின்றேன். “கேளாத வழியில நெட்டத் தந்தீரே, அதுக்காக நன்றி. அத இந்த வீட்டுல நிலைக்கப் பண்ணும் ஆண்டவரே!” என்று டெய்சி அக்கா கண்ணீரோடு ஜெபித்தார். என் இன்டர்நெட் என்னிடம் திரும்பி வரக் கூடாது என்ற அந்த ஜெபத்துக்கு எல்லோரோடும் சேர்ந்து நானும் “ஆமென்” சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

“தம்பி, என்ன காரியமா வந்திய?” என்றார் எழுந்ததும்.

ஒத்திகை பார்த்த இரண்டு வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் இல்லை. “ஜெபத்துக்குத்தான்க்கா” என்றேன்.

“என்ன விஷயமா ஜெபிக்கணும்?”

“எங்க வீட்டுல... நெட்டு வரமாட்டேங்குது.”

கூடம் முழுக்க ‘அச்சச்சோ’ என்றது. மறுபடி எல்லோரும் முழங்காலில் நின்று எனக்கு இன்டர்நெட் கிடைக்கும்படி உருக்கமாக ஜெபித்தார்கள். என் தலைக்கு நேர் மேலே, அலமாரியின் உச்சியில், என் மோடம் பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் முருகேசன், “கழட்டட்டுமா சார்?” என்றார்.

“கழட்டுனா உம்ம கையி வெளங்காமப் போயிரும் வே” என்றேன்.

புதிதாக இன்னொன்று போடலாம் என்றால், என் பெயரில் ஏற்கெனவே இணைப்பு இருப்பதால் சிக்கல், நாளாகும் என்றார். வியாழக்கிழமைக்குள் நடக்காது. அதனால் டெமோ அன்று, விஷயத்தைக் கேள்விப்பட்டு டெய்சி அக்கா அன்போடு அழைத்தபடி, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். என் இன்டர்நெட்டை இரவல் வாங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இன்டர்நெட் குதிரை மாதிரி ஓடியது. லண்டன்காரர் திரையில் பளிச்சென்று தெரிந்தார். வித்யா மேடத்தின் முகத்தில் புன்னகையே வந்தது. நான் ஸ்டைலாகப் பேசிக்கொண்டிருந்தேன். அப்போது அடுத்த அறையிலிருந்து ஒரு முணுமுணுப்பு. எனக்காக ஜெபிக்க டெய்சி அக்கா இரண்டு பெண்களை வரவழைத்திருந்தார். முணுமுணுப்பு வளர்ந்தது. கைதட்டல் சேர்ந்துகொண்டது. “இந்தப் பிள்ளையோட வேலையத் தொட ஒருத்தராலயும் முடியாது ஆண்டவரே!” என்ற முழக்கம் லண்டன் வரை போனது.

மைக்கை அணைக்கத் தேடினேன். பதற்றத்தில் பொத்தான் கண்ணில் படவில்லை. அதற்குள் டெய்சி அக்கா அறைக்குள் வந்து, கேமராவுக்கு முன்னால், என் உச்சந்தலையில் கையை வைத்து அழுத்திவிட்டார். திரையில் என் நெற்றி மட்டும் தெரிந்தது.

“சாம்! என்ன நடக்குது அங்க? யார் அவங்க?” என்றார் வித்யா மேடம்.

“அம்மா” என்றேன். வேறு எந்த விளக்கமும் அந்த நேரத்தில் ஓடவில்லை.

டெய்சி அக்கா குனிந்து திரையைப் பார்த்தார். “நீதான் இவனுக்கு மேனேஜரா தாயி? நல்லா இரு. ஏன் இப்படி வாடிப்போயிருக்க? சரியாச் சாப்பிடுதியா?” என்றவர், கண்ணை மூடி அவருக்கும் ஒரு ஜெபம் செய்தார். சாமான்களைச் சென்னைக்கு ஏற்ற லாரிக்குச் சொல்லிவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். லண்டன்காரர் ஏதோ கேட்டார். வித்யா மேடம் விளக்கினார். லண்டன்காரர் கொஞ்சம் தயங்கி, தனக்கு நெடுநாளாக முட்டுவலி இருக்கிறது, அதற்கும் ஜெபிக்க முடியுமா என்று கேட்டார்.

ஜெபித்தார்கள். மூன்று பெண்களும் சேர்ந்து. பிறகு டெமோவை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

சென்னைக்குப் போகும் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை. (முட்டுவலி என்னாச்சுன்னு எனக்குத் தெரியாது. கேக்கவும் தைரியம் இல்ல.) எங்கள் வீட்டுக்கும் பின்னால் இணைப்பு வந்தது, ஜெயாவின் பெயரில். டெய்சி அக்கா வீட்டில் ஓடுவது இன்றைக்கும் என் பெயரில்தான், பில் கட்டுவதும் நான்தான். உண்மையை அவரிடம் நான் சொல்லவில்லை. அந்த ஜெபத்தைக் கேட்டிருந்தால் நீங்களும் சொல்லமாட்டீர்கள்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு டெய்சி அக்கா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். பஹ்ரைனிலிருந்து ஜேசனும் வந்திருந்தான். நல்ல பிள்ளை, கையைப் பிடித்துக் குலுக்கினான். கேக் வெட்டிக்கொண்டே டெய்சி அக்கா, “இந்த நெட்ட யாரு அனுப்புனான்னு இன்னும் தெரியலல்லா?” என்று ஆரம்பித்தார்.

ஜேசன் ஒரு கணம் ஒயரைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். பிறகு தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, மிகுந்த அடக்கத்தோடு, “நாந்தாம்மா. பஹ்ரைன்ல இருந்தே ஏற்பாடு பண்ணுனேன். வெளிய சொல்லிக்கிட வேண்டாம்னு இருந்தேன்” என்றான்.

டெய்சி அக்கா அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். என் தொண்டையில் கேக் அடைத்துக்கொண்டது. மேஜைக்கு அடியில் ஜெயா என் காலை மிதித்து அழுத்தினாள். தண்ணீர் எடுத்துக் கொடுத்தது ஜேசன்தான். முதுகையும் தடவிவிட்டான்.

“நீங்களும் அம்மாவ மாதிரி ரொம்பக் கஷ்டப்பட்டியளாமே? என்ட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே போட்டுக் குடுத்திருப்பேனே அண்ணாச்சி. ரொம்ப சுலபம்” என்றான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் செய்யாத வேலைக்கு யார் பேர் வாங்கப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். போன வாரம் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் மீன் குழம்பைப் புகழ்ந்தார்கள். ஜெயா அடுப்படியில் இருக்கும் தைரியத்தில், “நான் வச்சதுதான்” என்றேன். மகள் தட்டிலிருந்து நிமிரக்கூட இல்லை.

“பஹ்ரைன்ல இருந்தே வச்சியளாப்பா?”