ஏர்ஹாரன் ஆள் பிடித்த கதை

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் தைத்த நெஞ்சோடு, மற்ற தைத்த நெஞ்சுக்காரர்களையெல்லாம் வீடு வீடாகப் போய்த் துரத்தியவர் எனக்குத் தெரிந்து ஏர்ஹாரன் ஒருவர்தான்.

புதுச்சத்திரத்து லாரி ஓனர். அவருக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும். எங்களுக்கு ஆபரேஷன் நடந்த சேலம் ஆஸ்பத்திரியில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆபரேஷன் ஆனவர்கள் இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பூனைக்குட்டி மாதிரி இருமுவோம். அவர் இருமினால் அடுத்த வார்டில் தூங்குகிறவர்கூடப் புரண்டு வழிவிடுவார்.

ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பைத் தேற்றுவதற்கு ஆஸ்பத்திரி மாடியில் உடற்பயிற்சி வகுப்பு நடந்தது. நடத்தியவர் கவிதா என்ற பிசியோதெரபிஸ்ட். எங்களை நடக்க வைப்பது அவருக்குப் பெரும்பாடு. ஏர்ஹாரனை நிறுத்துவது அதைவிடப் பெரும்பாடு. கவிதா அந்தப் பக்கம் திரும்பினால் போதும், மனிதர் டிரெட்மில்லின் ஸ்பீடு பட்டனை அமுக்கிவிடுவார்.

"ஐயா, மெதுவா! பேசிக்கிட்டே நடக்குற அளவுக்குத்தான் வேகம் இருக்கணும்."

"நான் பேசிக்கிட்டேதானுங்க அம்மணி நடக்குறேன்!"

அவர் எந்த வேகத்திலும் பேசுவார் என்பதுதான் சிக்கல். உட்கார வைத்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். எழுந்து போய் ஃபேனைக் கூட்டுவார், வந்து உட்கார்ந்து குளிருகிறது என்பார், மறுபடி எழுவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் நாடி எகிறும்.

ஒருநாள் போனபோது வகுப்பில் நானும் அவரும் மட்டும்தான்.

"ஏனுங்க அம்மணி, மத்தவங்கல்லாம் எங்க?"

கவிதா சோர்ந்து போயிருந்தார். "போன் பண்ணினா, நல்லாத்தானே இருக்கேன், இனி எதுக்குன்னு கேக்கறாங்க. சில பேருக்கு அசைஞ்சாலே தையல் பிரிஞ்சிடுமோன்னு பயம். இப்படியே ஆள் வரலைன்னா இந்த ஹாலை ஸ்கேன் ரூமாக்கப் போறாங்களாம்."

"ஆள்தானுங்களே வேணும்? லோடு நான் ஏத்தியாரேன்!"

அடுத்த வகுப்பு நாளன்று சூரமங்கலத்தில் என் வீட்டு வாசலில் ஒரு வேன் நின்றது. ஓட்டி வந்தது அவர் மனைவி சரசு அக்கா. ஏர்ஹாரன் கொஞ்ச நாளைக்கு ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. அதனால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

முதலில் சிக்கியவர் எங்கள் தெருவில் இருந்த ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்.

"நான் வீட்டுக்குள்ளேயே நடந்துடறேங்க" என்றார் வாத்தியார்.

"ஏனுங்க, டிவிக்கு முன்னாடி சோபாவுல இவ்ளோ பெரிய குழி கெடக்குதே. அது நடந்து உழுந்த குழிங்களா?"

வாத்தியார் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வேனில் ஏறினார்.

ராசிபுரம் பக்கம் தோட்டத்து வீட்டில் இருந்த ராசம்மாளிடம் இந்த அதட்டல் பலிக்கவில்லை. இதயத்தில் வால்வு மாற்றியவர். "அம்மாளக் கூட்டியாரதுக்கு ஆளில்லைங்க" என்றான் மகன். ராசம்மாள் கதவுக்குப் பின்னால் நின்றபடி, "ஆம்பளைங்க மத்தியில கையத் தூக்கிக் காலத் தூக்கி... வெக்கமா இருக்குதுங்கண்ணா" என்றார்.

ஏர்ஹாரன் யோசித்தார். வேனைப் பார்த்துத் திரும்பினார்.

"சரசு! இனிமேட்டு நீயும் மேல வந்து நடக்கோணும்."

"எனக்கு நெஞ்சுல ஒண்ணுமில்லீங்களே?"

"இத்தன வருசமா என்ர கூடக் குடும்பம் நடத்தறே. இல்லாமயா இருக்கும்?"

ராசம்மாள் சிரித்துவிட்டார். சரசு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வேனில் ஏறினார். அவர் வருகிறார் என்று தெரிந்ததும் மற்ற பெண்களும் வரத் தொடங்கினார்கள். ஹாலை அளக்க வந்தவர்கள் நிற்க இடமில்லாமல் திரும்பிப் போனார்கள். ஸ்கேன் ரூம் பேச்சு அதோடு சரி.

அப்புறம் ஒருநாள் வேன் வரவில்லை. நானும் வாத்தியாரும் டவுன் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். ராசம்மாள் மகனை விரட்டிக் காரில் வந்திருந்தார். கவிதா போன் போட்டால் சரசு அக்கா எடுத்து, "அவரு வரமாட்டேங்குறாருங்க கண்ணு. கேட்டாக் காரணமும் சொல்ல மாட்டேங்குறாரு" என்றார். யாருக்கும் பயிற்சி ஓடவில்லை. அதே காரில் மூன்று பேரும் புதுச்சத்திரத்துக்குக் கிளம்பினோம்.

லாரி ஷெட்டில் ஒரு பழைய டயர்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தார் ஏர்ஹாரன். காலைக்கூட ஆட்டவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

"காத்தால நடக்கையில நெஞ்சுல ஒரு புடிப்புங்க சார்" என்றார். குனிந்தால்தான் கேட்கும் குரல். "சும்மா உக்காந்தா நெஞ்சு அடிக்கிறது காதுல கேக்குது. எப்ப நின்னுபோகுமோன்னு இருக்குது. அது கேக்கக் கூடாதுன்னுதான் பொழுதுக்கும் ஓடிட்டே கெடந்தேன். இன்னைக்கு ஓடவும் பயமாயிருச்சுங்க."

ராசம்மாள்தான் முன்னால் போனார்.

"எனக்குந்தானுங்கண்ணா கேக்குது. வால்வு மாத்தினவ நான். ஊடு அடங்கிட்டாக் கடிகாரமாட்டம் கேக்கும். கேக்குற வரைக்கும் நல்லதுதானுங்களே? எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

எழுந்தார்.

ஈசிஜி, எக்கோ, ரத்தம் எல்லாம் பார்த்தார்கள். இதயம் சரியாகவே இருந்தது. ஆபரேஷனில் நெஞ்செலும்பை வெட்டிச் சேர்த்த இடத்தில் தசை இழுத்திருக்கிறது என்றார் டாக்டர். "வலி வந்தா நேரா இங்க வராம, ஷெட்ல போயா உக்காருவீங்க?" என்று அவர் போட்ட போட்டுக்கு, ஏர்ஹாரன் தலையைக் குனிந்துகொண்டு "தப்புதானுங்க" என்றார். கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை இன்னொரு சுற்றுத் திட்டினார்.

பின்னாலேயே வேனை ஓட்டி வந்திருந்த சரசு அக்கா, அவரைப் பின்சீட்டில் என் பக்கத்தில் ஏற்றினார். ஐந்து ரோடு சந்திப்பைத் தாண்டுவதற்குள் அவர் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. வாயைத் திறந்துகொண்டு, குழந்தை மாதிரித் தூக்கம். என் வீட்டு வாசலில் அக்கா வண்டியை நிறுத்தினார்.

நான் தோளை அசைக்கவில்லை, இறங்கவும் இல்லை. "அக்கா, ரயில்வே ஜங்ஷன் வரைக்கும் போய் இன்னொரு சுத்து சுத்திட்டு வாங்க" என்றேன்.