தல்லாகுளத்து ஹார்பர் அண்ணன்

மதுரையில் கடல் இல்லை என்பதை இன்றுவரை ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் ஹார்பர் அண்ணன்தான். தல்லாகுளத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்த ஏற்றுமதி ஏஜென்சியில் நானும் அவரும் வேலை பார்த்தோம். சரக்கைக் கன்டெய்னரில் அடைத்து, தூத்துக்குடிக்கு லாரியில் அனுப்பி, கப்பலில் ஏற்றுவது எங்கள் பொறுப்பு. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஆதார் அட்டையில் மட்டும் இருந்தது.

காலையில் வந்ததும் சாமி படத்தைக் கும்பிடுவார். அடுத்து, செல்போனில் கப்பல்கள் நகரும் வரைபடத்தைத் திறப்பார். எந்தக் கப்பல் கொழும்பைத் தாண்டியது, எது நங்கூரம் போட்டு வெளியே காத்திருக்கிறது என்று, திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வருவதைப் போலச் சொல்லுவார். துறைமுகத்தில் நெருக்கடி என்றால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. கப்பலைக் கொண்டுவந்து கட்டும் இடத்துக்கு பெர்த் என்று பெயர். பெர்த்தை ஒழுங்காக நிர்வாகம் பண்ணத் தெரிந்தவனிடம் நாட்டையே கொடுக்கலாம் என்பது அவர் கட்சி.

நாட்டைக் கொடுக்கவில்லை. அவர் தங்கச்சி மகள் கல்யாணத்தில் பந்தியைக் கொடுத்தார்கள். வில்லாபுரத்து மண்டபத்தில் சாப்பாட்டு ஹால் கதவைச் சாத்தி முன்னால் நின்றுகொண்டார். சர்க்கரைக்காரர்கள் முதலில், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் அடுத்து, பஸ் பிடிக்க வேண்டியவர்கள் அதற்கும் அடுத்து. மாப்பிள்ளையின் தாய்மாமன் மீசையைத் தடவியபடி நேராகக் கதவுக்கு வந்தார்.

"அண்ணே, ஒங்களுக்கு இன்னும் பெர்த் கெடைக்கல. செத்த வெளிய நில்லுங்க."

தாய்மாமன் மண்டபத்தை விட்டே கிளம்பிவிட்டார். காலில் விழாத குறையாகச் சமாதானம் செய்து கூட்டிவருவதற்குள் பாயசம் தீர்ந்துவிட்டது. அண்ணனுக்குத் துளி வருத்தமில்லை. ஒரு ஆளுக்காவது நெரிசலில் வியர்த்ததா என்று எங்களையே திருப்பிக் கேட்டார்.

இதுவரை சிரிப்பு. ஓர் ஐப்பசி மழையில் நடந்ததுதான் வினை. புதிதாகப் பிடித்த வெளிநாட்டுக்காரருக்குக் கிரானைட் பலகைகள் போக வேண்டும். சரக்கைத் துறைமுகத்தில் ஒப்படைக்க அன்று சாயங்காலம்தான் கெடு. மழையில் லாரிகள் துறைமுக வாசலுக்கு வெளியே தேங்கிக் கிடந்தன. எப்படியாவது நம் லாரியை உள்ளே தள்ளிவிட்டு வாருங்கள் என்று முதலாளி எங்கள் இருவரையும் அனுப்பினார்.

போய்ப் பார்த்தால், லாரிகள் மூன்று வரிசையாக முட்டிக்கொண்டு எதுவும் அசையவில்லை. அண்ணன் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு நடுரோட்டில் இறங்கினார். குடையை மடக்கிக் கையில் பிடித்து, ஒன்றைப் பின்னால் போகச் சொன்னார், ஒன்றை முன்னால் வரச் சொன்னார். யாரோ அதிகாரி என்று நினைத்து டிரைவர்களும் கேட்டார்கள். அடைப்பு விலகியது. எங்கள் லாரி வாசலை நெருங்கிவிட்டது. நான் முதலாளிக்கு நல்ல சேதி சொல்லப் போனை எடுத்தேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு டிரைவர் ஓடிவந்தார். அவருடையது குளிர்பதன கன்டெய்னர், உள்ளே இறால். ஜெனரேட்டரில் டீசல் தீரப்போகிறது, உள்ளே போய்க் கரண்ட் கொடுத்தால்தான் சரக்கு பிழைக்கும் என்றார். அவருக்குப் பின்னால் வாழைப்பழம், முருங்கைக்காய் என்று அதே நிலையில் இன்னும் சில வண்டிகள்.

அண்ணன் எங்கள் லாரியை ஓரங்கட்டச் சொன்னார். வேலை போய்விடும் என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"கல்லு அழுகுமா மாப்ள?" என்று கேட்டுவிட்டுக் குடையை உயர்த்தினார்.

ஒவ்வொரு வண்டியாக உள்ளே போனது. டிரைவர்கள் அவருக்குக் கும்பிடு போட்டபடி போனார்கள். எங்கள் முறை வந்தபோது கெடு முடிந்துவிட்டது. வாசலில் இருந்தவர் அடுத்த கப்பலுக்கு வரச் சொன்னார்.

போனில் முதலாளி பேசியதை இங்கே அச்சேற்ற முடியாது. அண்ணன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "சரிங்க மொதலாளி, அப்ப நாளையிலருந்து வரல" என்று போனை வைத்தார்.

கல் அடுத்த கப்பலில் போய்ச் சேர்ந்தது. வாங்கியவர் ஏன் தாமதம் என்றுகூடக் கேட்கவில்லை. முதலாளியும் இறங்கிவந்து அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டார். அதெல்லாம் பிறகு. அன்று மதுரை பஸ்ஸில் ஏறியபோது வேலை போன மனிதராகத்தான் ஏறினார். சட்டையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பஸ் ஊரைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"எறாலுக்குக் கரண்ட் குடுத்திருப்பாய்ங்களா மாப்ள?"

கொடுத்திருப்பார்கள் என்றேன். நிம்மதியாக என் தோளில் சாய்ந்து, அப்படியே தூங்கிப்போனார். எனக்கு அவர்மேல் கொள்ளைக் கோபம். ஆனாலும் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வரும்வரை தோளை அசைக்கவில்லை.