நாவல் பழமும் நானூற்றுப் பன்னிரண்டும்

அரவேணு,
ஆடி வெள்ளி, காலை

அன்புள்ள மைத்துனர் கீர்த்திவாசன் அவர்களுக்கு, பாலசுப்பிரமணியம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கோவையில் தாங்களும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். இங்கே என் சௌக்கியம் இன்றோடு முடிந்தது என்றே நினைக்கிறேன்.

சர்க்கரைக்கு நல்லது என்று தாங்கள் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய நாவல் பழக் கூடை நேற்று வந்து சேர்ந்தது. காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பழத்தைப் பிதுக்கிப் பிதுக்கிக் கொட்டையை எடுத்துவிட்டு ஒரு கிண்ணம் தின்றேன். தின்ற கையோடு, பலன் தெரிகிறதா பார்ப்போம் என்று விரலில் குத்தி மிஷினில் வைத்தால், முந்நூற்றுப் பத்து! பழம் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு கிண்ணம் தின்று மறுபடி குத்தினேன், நானூற்றுப் பன்னிரண்டு. கண் இருட்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாமென்றால் கோத்தகிரி ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது, குன்னூர்ப் பக்கம் மண் சரிந்திருக்கிறது, மழையில் போனும் வேலை செய்யவில்லை. தங்கள் அக்கா சாந்தாமணியோ, "ஏனுங்க, செத்த நேரம் சும்மா உக்காருங்க" என்கிறாள். சும்மா உட்கார்ந்தபடியே போய்ச் சேரச் சொல்கிறாளா, தெரியவில்லை. பயமாக இருக்கிறது, மைத்துனரே.

ஆகவே கடைசியாக ஒன்று. என் கடைக்குப் போட்டியான எதிர்க்கடைக்காரர் மகன் தினகரனுக்கு நம் ஸ்வேதாவைக் கொடுக்கச் சொல்லித் தாங்கள் ஒரு வருஷமாகக் கேட்க, "அந்தாளு ஊட்டுக்கா? என்ற பொணத்தத் தாண்டித்தான் போகோணும்" என்று நான் சொல்லி வந்தேன். பிணம் தயாராகிக்கொண்டிருப்பதால், சம்மதிக்கிறேன். அவளுக்கு ஒரே ஆசை அது. முகூர்த்தத்தைத் தாங்களே முன்னின்று நடத்தவும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
இன்னும் சிறிது நேரத்துக்குத் தங்கள்
பாலசுப்பிரமணியம்

பி.கு.: மேலே கண்ட மரணம் ரத்து. ஸ்வேதா வந்து, "ஏனுங்கப்பா, பழம் பிதுக்குன கையக் கழுவாமயா குத்துனீங்க?" என்று கேட்டு, அழுதுகொண்டே சோப்புப் போட்டு என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்துவிட்டாள். இப்போது குத்தினால் நூற்று எழுபது. அதற்கு முன் ஏறியதெல்லாம் விரலில் ஒட்டியிருந்த பழச்சாறாம். சம்மதத்தை உடனே அடித்துவிடலாமென்று தேடினால் கடிதத்தைக் காணோம். நான் கை கழுவிய நேரத்தில் தங்கள் அக்கா அதை எதிர்க்கடைக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டியிருக்கிறாள். அந்தாள் குடைகூட இல்லாமல் நனைந்து ஓடிவந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "சம்பந்தி, உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்க" என்று அழுகிறார். தங்கள் அக்கா கடிதத்தைத் திருப்பித் தந்ததும், சம்மதத்தை அடிக்கப் பேனாவை எடுத்தேன். ஸ்வேதா என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கழுவிவிட்ட கையால் அடிக்க எனக்கு மனசு வரவில்லை. சம்மதம் அப்படியே இருக்கட்டும். பழம் மட்டும் இனி அனுப்ப வேண்டாம்.